‘பூட்டியா வச்சிருக்கான்?’ – ஓர் ஆசிரியையின் கேள்வியும் பதிலும்

கேள்வி:

வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் வட மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணும் மூன்றாம் வகுப்பில் அவள் தம்பியும் படித்துவந்தார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு இருவரும் வரவில்லை. பிள்ளைகளுடைய அம்மாவின் மாமனாருக்கான வைத்தியச் செலவுக்காக மரம் வெட்டும் ஓனர் ஒருவரிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தாலுகாவில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடும் இடத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கிறார்கள். வாரம் 500 ரூபாய் செலவுக் காசு, மீதி அட்வான்ஸில் கழியும் என்கிறார்கள். அந்தப் பெண் கட்டை சுமக்கிறாள். மாமனார் இறந்தபோது கணவனை மட்டும் சாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் போகவில்லை. ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் ஓனரிடம். அந்த அம்மா “கணக்கு முடிஞ்சா வந்துடுவோம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

ஊரில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அவங்களே வாங்கின கடன். பூட்டியா வச்சிருக்கான்? அடிச்சானா?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது கொத்தடிமைதானா? ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அந்தப் பணத்தைக் கட்டி அழைத்து வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், சரியா? புகார் என்றால் யாரிடம் கொடுப்பது? என் பெயர் வெளியே வருமா? அந்தக் குடும்பத்துக்கு என்னால் கெடுதல் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை

பதில்:

வணக்கம் டீச்சர்.

உங்கள் ஊர்ப் பெரியவர் கேட்டதைத்தான் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்பார். சில சமயம் விசாரிக்க வரும் அதிகாரியே அதைக் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறார். அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதில் பூட்டு, சங்கிலி, அடி உதை எதையும் நிபந்தனையாக எழுதவில்லை. ஒரு முன்பணமோ கடனோ இருக்க வேண்டும். அதன் காரணமாக உழைப்பவர் நான்கில் ஒன்றை இழந்திருக்க வேண்டும். உரிய கூலியை இழந்திருக்கலாம். வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்திருக்கலாம். நாட்டுக்குள் நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்திருக்கலாம். அல்லது தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை போயிருக்கலாம். நான்கும் சேர்ந்து போயிருக்க வேண்டியதில்லை, ஒன்று போனாலே போதும்.

இப்போது உங்கள் கடிதத்தைப் பார்ப்போம். இரண்டு பெரியவர்கள் வாரம் முழுக்க மரம் வெட்டிக் கரி போடுகிறார்கள், கைக்கு வருவது 500 ரூபாய். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையோ அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கொடுக்கும் கூலியையோ விடக் குறைவாக இருந்தால் அது பெயரளவுக் கூலி என்று சட்டமே சொல்கிறது. ‘மீதி அட்வான்ஸில் கழிகிறது’ என்பார்கள். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று அந்தக் குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா? கணக்கு நோட்டு ஓனர் வீட்டில்தான் இருக்கும். அரிசி, மருந்து, அரிவாள் தீட்டிய காசு வரை அதில் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கூலி விவரம் அல்ல, அந்தச் சாவு. சொந்த மாமனார் சாவுக்கு மருமகள் போக முடியவில்லை, பேரப்பிள்ளைகள் போக முடியவில்லை. கணவன் திரும்பி வருவதற்கு அவர்கள் பிணை. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது பூட்டு எதற்கு? பெரியவர் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள். புகாரிலும் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எத்தனையோ சட்டப் பிரிவுகளை எழுதுவதைவிட இந்த ஒரு சம்பவம் வலுவானது.

‘அவங்களே வாங்கின கடன்’ என்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. கொத்தடிமை வேலைக்காகப் போட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் செல்லாது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1983 டிசம்பரில் ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்கள் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. கட்டாய உழைப்பு என்று தெரிந்துவிட்டால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று நடத்திய வழக்கு அது. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவும் நிரூபிக்கும் பாரத்தைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மரம்வெட்டி ரசீது காட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, நீங்கள் காசு திரட்டும் யோசனை. தயவுசெய்து வேண்டாம் டீச்சர்.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. 25,000 ரூபாயை நான்கு ஆசிரியர்கள் போட்டுவிடலாம், பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் இருப்பார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்தக் கடன் அற்றுப்போன கடன். அதற்குப் பணம் வாங்குவதே 9-ஆவது பிரிவின்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. நீங்கள் கட்டினால் இல்லாத கடனை இருப்பதாக ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். ஓனர் அந்தப் பணத்தில் இன்னொரு குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வருவார். நம் குடும்பத்துக்கோ விடுதலைச் சான்றிதழ் கிடையாது, மறுவாழ்வு கிடையாது, உழைத்த மாதங்களுக்கான பாக்கிக் கூலியும் கிடையாது. நேர்மையாகக் கணக்குப் போட்டால் அந்த ஓனர்தான் இவர்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கும். திரட்டிய காசு இருந்தால் பத்திரமாக வையுங்கள், அவர்கள் திரும்பி வந்த முதல் மாதத்துக்கு அது தேவைப்படும்.

இனி புகார். எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் பாதி காரியம் கெடுகிறது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும், அவர் அதிகாரம் கொடுத்த சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியருக்கும் (ஆர்.டி.ஓ.) உரியது. மரம் வெட்டும் இடம் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அந்த ஆர்.டி.ஓ.வுக்குப் புகார் போக வேண்டும். குடும்பத்தின் சொந்த ஊர் வேறு கோட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போகட்டும், பின்னால் மறுவாழ்வு வேலை அங்கேதான் நடக்கும். இன்னொரு நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. அவர் மேசையில் ஒரு நகல் இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற அலுவலகங்களில் கோப்பு கொஞ்சம் வேகமாகவே நகரும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுக்காதீர்கள். அந்த மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு, அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு ‘விசாரித்து அறிக்கை தருக’ என்று இறங்கும். வி.ஏ.ஓ. நல்லவராகவே இருக்கட்டும், அவர் அலுவலகத்தில் டீ வாங்கி வருபவர் ஓனரின் பங்காளியாக இருப்பார். அதிகாரிகள் போய்ச் சேரும்போது கொட்டகையில் அடுப்பு மட்டும் புகைந்துகொண்டிருக்கும், ஆட்களை வேறு காட்டுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஆர்.டி.ஓ.வை நேரில் பார்த்து, மூடிய உறையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதலில் போய்ச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. மீட்கப் போகும் நாளில் போலீஸ் பாதுகாப்பை ஆர்.டி.ஓ.வே கேட்டு வாங்கிக்கொள்வார்.

புகாரில் இலக்கணமும் வேண்டாம், சட்டப் பிரிவும் வேண்டாம். நான்கு பேரின் பெயர், வயது. சொந்தக் குடியிருப்பு. வேலை இடத்துக்கு எப்படிப் போவது, பக்கத்தில் என்ன கோயில், ஏரி, செங்கல் சூளை என்ற அடையாளம். கைபேசியில் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் அதுவும். எவ்வளவு அட்வான்ஸ், எதற்காக, எப்போது. வாரக் காசு எவ்வளவு. வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது. அட்டைகள் யாரிடம். அந்தச் சாவு விவரம். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அங்கே வேறு குடும்பங்களையும் பார்த்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு குடும்பம் மட்டும் இருக்காது.

உங்களிடம் மட்டுமே இருக்கும் சாட்சியம் ஒன்று உண்டு: வருகைப் பதிவேடு. அந்த இரண்டு பிள்ளைகளும் எந்தத் தேதி வரை பள்ளிக்கு வந்தார்கள், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை என்பதை அரசாங்கப் பதிவேடே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை, எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் இன்னும் உங்கள் பள்ளியில்தான் இருக்கிறார்கள். ‘இவங்க நேத்துதான் வேலைக்கு வந்தாங்க, பிள்ளைங்க சும்மா கூட வந்திருக்குங்க’ என்று ஓனர் சொல்வார், எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் அதைப் பொய்யாக்கிவிடும். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை இணையுங்கள். நீண்ட நாள் வராத பிள்ளைகள் என்று பெயரை நீக்கிவிட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்குத் தனிப் பாதையும் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வரை தகவல் போகும், சொன்னவர் பெயரை வெளியிட மாட்டார்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை யாராவது எடுத்து நீட்டுவார்கள். அது சொந்தக் குடும்பத்தின் தொழிலுக்கு மட்டும்தான். ஓனரின் கரி மூட்டம் அந்தப் பெண்ணின் குடும்பத் தொழில் ஆகாது. குழந்தையைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 1098-க்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டால் பிள்ளைகளை மட்டும் அழைத்து வந்து காப்பகத்தில் விட்டுவிட்டு, பெற்றோரைக் கரி மூட்டத்திலேயே விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆர்.டி.ஓ.வுக்கான புகாரும் இதுவும் ஒரே நாளில் போகட்டும்.

அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். போனில் பேசாதீர்கள். அது ஸ்பீக்கரில் இருக்கலாம், பக்கத்தில் மேஸ்திரி நிற்கலாம். கணவர் ஊருக்கு வரும் நாளில் தனியாகப் பார்க்க முடிந்தால், ‘கடன் இல்லைன்னு ஆகி, ஊருக்கு வந்துடலாம்னா வருவீங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். நாளையோ நேரத்தையோ சொல்லாதீர்கள். அவர் பயந்து ‘வேண்டாம்’ என்றால்? வளர்ந்தவர்களின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பெண் கட்டை சுமக்கிறாள் என்று தெரிந்த பிறகு புகார் கொடுக்காமல் இருக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

மீட்கும் நாளில் நீங்கள் அங்கே போக வேண்டாம். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் ஊரெல்லாம் சுற்றியது. நாட்டையே உலுக்கிய படம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை வெளியிடலாமா என்று அந்த முதியவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்கு இன்றும் உறுத்தல்.

விசாரணை எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓனர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஓனர் எதிரிலேயே ‘உங்களை அடிச்சாங்களா? சாப்பாடு போடறாங்களா?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கோம் ஐயா’ என்றுதான் பதில் வரும். வேறென்ன சொல்வார்கள், ராத்திரி அங்கேதானே படுக்க வேண்டும்? தொழிலாளர்களை முதலில் அந்த இடத்திலிருந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்து வந்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, ஒவ்வொருவராகப் பேச வேண்டும். ‘நாளைக்கே போகணும்னா போக முடியுமா? போனா என்ன ஆகும்? கணக்கு நோட்டை நீங்க பாத்திருக்கீங்களா? பக்கத்து ஊர்ல கூலி அதிகம்னா அங்க போகலாமா? இதுக்கு முன்னால யாராவது போயிருக்காங்களா, அவங்களுக்கு என்ன ஆச்சு?’ – இப்படிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். நல்ல ஆர்.டி.ஓ.க்கள் இதைச் செய்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நகல் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். விசாரணையின்போது ஒரு வழக்கறிஞரோ சட்டத் தன்னார்வலரோ கூட இருக்கும்படி செயலாளரிடம் கேளுங்கள். பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை, வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கமாக இருந்தால் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தாரையும் அணுகலாம். அந்த மக்களோடு பல ஆண்டுகளாக நிற்பவர்கள்.

விசாரணை முடிந்ததும் கையில் வர வேண்டியது விடுதலைச் சான்றிதழ். இந்த ஒரு தாளுக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அது இல்லாமல் ஊருக்கு அனுப்பினால் அது மீட்பே இல்லை, வேலையை விட்டு நின்றார்கள் என்றுதான் கோப்பில் இருக்கும். கடன் ரத்து என்று அந்தத் தாள்தான் சொல்கிறது. பின்னால் ஓனரின் ஆள் வந்து ‘பணம் எங்கே’ என்று கேட்டால் காட்ட வேண்டியதும் அதுதான்.

இங்கே ஒரு அநியாயம் நடக்கும், பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. மரம் வெட்டுவதிலும் சூளையிலும் கூலி ‘ஜோடி’க் கணக்கு. கணவன் பெயர் மட்டும்தான் நோட்டில் இருக்கும். மனைவி விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து, கிளை கழித்து, கட்டை அடுக்கி, மூட்டத்துக்கு மண் பூசி, ராத்திரி முழுக்கப் புகை பார்த்தாலும் அவள் பெயர் எங்கும் கிடையாது. அதிகாரிகளும் குடும்பத் தலைவர் பெயரில் ஒரு சான்றிதழ் போட்டுவிடுவார்கள். வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒன்று, கட்டை சுமந்த பெண்ணுக்கு ஒன்று. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய் என்றால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பெயர் விட்டுப்போனால் இழப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போது நம்பிக்கையை அளவோடு கொடுக்க வேண்டும். உடனடி உதவியாக ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை மாவட்ட நிர்வாகம் கொடுக்கலாம். தண்டனை கிடைத்தால்தான் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்காகவே மாவட்டந்தோறும் ஒரு நிதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மீதித் தொகை வழக்கோடு பிணைந்தது, வழக்கு ஆண்டுக் கணக்கில் நடக்கும். ‘இரண்டு லட்சம் வரும்’ என்று அந்தக் குடும்பத்திடம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வராத மாதங்களில் உங்கள் மேல்தான் கோபம் வரும், அந்த நம்பிக்கையில் வெளியே இன்னொரு கடனும் வாங்கிவிடுவார்கள்.

வழக்கு என்றதும் ஒன்று. 1976 சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் வரக்கூடிய குற்றம். அன்று எழுதிய அதே 2,000 இன்றும் அப்படியே இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று உங்கள் பள்ளியிலும் கை நீட்டி கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுத்திருப்பீர்கள், அந்த நேரத்தில் யாராவது இந்த அபராதத் தொகையைத் திருத்தலாம். அதனால் முதல் தகவல் அறிக்கையில் இந்தச் சட்டம் மட்டும் இருந்தால் போதாது. ஆசை காட்டியோ ஏமாற்றியோ அழைத்துப் போய்ச் சுரண்டியிருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு, அதாவது ஆள் கடத்தல், பொருந்தும். அதில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. ஓனர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும், கொத்தடிமை வேலை வாங்குவது அதில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. அந்த வழக்கை டி.எஸ்.பி. தரத்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டும், அதற்கென்று தனி நிவாரணத் தொகையும் உண்டு.

மீண்டு வந்த பிறகு என்ன என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். ஃபரிதாபாத் குவாரிகளிலிருந்து விடுவித்து மத்தியப் பிரதேசத்தில் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்கே மறுவாழ்வு எதுவும் இல்லாமல் பட்டினி கிடப்பதை நீரஜா சௌத்ரி என்ற பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காவிட்டால் மறுபடி அடிமைத்தனத்துக்கே தள்ளுவதாகும் என்று 1984-இல் நீதிமன்றம் சொன்னது. இங்கேயும் அதேதான். உங்கள் மாணவியின் குடும்பத்தை அங்கே அனுப்பியது மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவு. அடுத்த காய்ச்சலுக்கு யாரிடம் போவார்கள்? குடிசை யார் நிலத்தில் இருக்கிறது, பட்டா உண்டா, சாதிச் சான்றிதழ் உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று பாருங்கள். பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பதும் ஆர்.டி.ஓ.தான். விடுதலைச் சான்றிதழோடு அதற்கும் அதே மேசையில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். இருளர்கள் மத்திய அரசு வரையறுத்த நலிவுற்ற பழங்குடிகளில் வருபவர்கள், வீடு முதல் பல திட்டங்களில் முன்னுரிமை உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாததால்தான் பாதிப் பிள்ளைகளின் படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு நின்றுபோகிறது, இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உங்கள் பெயர் விஷயம். ரகசியமாக வைக்கும்படி புகாரிலேயே எழுதலாம், நான் பார்த்த வரையில் பெரும்பாலான ஆர்.டி.ஓ.க்கள் மதிக்கிறார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரி மூட்டத்துக்கு வந்த டீச்சர் யார் என்று ஓனருக்கு ஏற்கெனவே தெரியும். ஊகித்துவிடுவார். அதனால் தனியாக நிற்காதீர்கள். தலைமையாசிரியர் வழியாக, நீண்ட நாள் வராத குழந்தைகள் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஓர் அறிக்கை போகட்டும். அது உங்கள் பணியின் பகுதி, யாரும் குற்றம் சொல்ல முடியாது. கொத்தடிமைப் புகாரை நீங்கள் தனி ஆளாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விவரங்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்தால் அவர்களே அனுப்பலாம். மிரட்டல் வந்தால், வாய்மொழியாக வந்தாலும், அன்றே தேதி போட்டு எழுதி எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். குடும்பத்துக்கு ஆபத்து அதிகமாக இருப்பது மீட்ட பிறகான முதல் சில வாரங்களில். அந்த நாட்களில் குடியிருப்புக்கு யார் வந்து போகிறார்கள் என்று பாருங்கள். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி வருபவர் பெரும்பாலும் ஓனராக இருக்க மாட்டார், அதே குடியிருப்பைச் சேர்ந்த மேஸ்திரியாகவோ சொந்தக்காரராகவோ இருப்பார்.

கடைசியாக, அதிகாரி விசாரித்துவிட்டு ‘கொத்தடிமை இல்லை, கூலித் தகராறு’ என்று முடித்துவிடக்கூடும். அடிக்கடி நடப்பதுதான். அப்படியானால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். காரணத்தோடு எழுத்துமூல உத்தரவு கேளுங்கள், தொழிலாளர்களின் வாக்குமூல நகலும் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். அது எங்கள் வேலை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேதியோடு கையெழுத்து வாங்கிய நகலை எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். பதினைந்து நாளில் ஒன்றும் நகராவிட்டால் அங்கிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.